நெவில் வெளியே போனால் குருகு வரும்

நெவில் ஸ்பர்லிங்கைப் பற்றி எழுத வேண்டுமென்றால் அவன் முதுகிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். திராண்டல் சதுப்பில் பறவை பார்க்கப் போகிற எங்களுக்கெல்லாம் அவன் முகத்தைவிட முதுகுதான் அதிகம் பழக்கம். பழைய பச்சை மழைக்கோட்டு, இடது தோளில் தையல் விட்டது, மரப்பலகைப் பாதையில் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துப் போய்க்கொண்டே இருக்கும். அது கண்ணுக்கு மறைந்தால்தான் குருகு வரும். ஏன் என்று கேட்காதீர்கள். கேட்டுக் கேட்டு நாங்களே ஓய்ந்துவிட்டோம்.

என் பெயர் பெரில். ஊர்த் தபால் நிலையத்தில் பாதி ஆயுசு முத்திரை குத்தியவள். நானும் நெவிலும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், அதனால் அவனை ‘அவர்’ என்று எழுத எனக்குக் கை வராது. அவன் சர்க்கரை ஆலைக்கு பீட்ரூட் லாரி ஓட்டினான்; எங்கள் பக்கம் சர்க்கரை கரும்பிலிருந்து இல்லை, வெள்ளை பீட்ரூட்டிலிருந்துதான். குளிர்காலம் வந்தால் ஆலை வாசலில் லாரிகள் மணிக்கணக்கில் வரிசை கட்டி நிற்கும். மற்ற டிரைவர்கள் சீட்டாடுவார்கள், தூங்குவார்கள். இவன் பக்கத்து வயலில் இறங்குகிற ஆட்காட்டிகளைப் பார்க்க ஆரம்பித்து அதிலேயே விழுந்துவிட்டான். வரிசை நகர்ந்தது தெரியாமல் வயலையே பார்த்துக்கொண்டிருந்து பின்னால் நிற்பவர்களிடம் அவன் வாங்கிக் கட்டிக்கொண்ட வசவு கொஞ்சநஞ்சமில்லை.

ஓய்வு பெற்ற பிறகு பறவை பார்க்கிற எங்கள் சங்கத்தில் சேர்ந்தான். எத்தனையோ பறவை பார்த்தான். குருகை மட்டும் பார்க்கவில்லை.

குருகு எங்கள் சதுப்புக்கே பெருமை. காய்ந்த நாணல் நிறம், நீளக் கழுத்து, கோழியைவிடப் பெரிய உடம்பு. ஆள் அரவம் கேட்டால் ஓடாது, பறக்காது. அலகை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிடும். தான் நாணலாகிவிட்டதாக அதற்கு நினைப்பு. வசந்த காலத்தில் ஆண் குருகு குரல் கொடுத்தால், காலி பாட்டிலில் வாய் வைத்து ஊதின மாதிரி ஊர் முழுக்கக் கேட்கும். நெவில் அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே தூங்குவான், கேட்டபடியே எழுந்திருப்பான். பார்த்தது மட்டும் இல்லை.

பார்க்காதது என்றால் சும்மா பார்க்காதது இல்லை. நாங்கள் உட்கார்ந்து பார்ப்பதற்கென்று நாணலுக்கு நடுவே ஒரு மரக் குடில் இருக்கிறது, சுவரில் நீளமாக இடைவெளி விட்டது. ஒரு நாள் அதற்கு நேர் எதிரே குருகு நடந்துபோனது. அந்த நேரம் நெவில் குனிந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். இன்னொரு நாள் டீ ஆவி பட்டு மூக்குக் கண்ணாடி மங்கிப்போனது. இன்னொரு நாள் தும்மல். அவனே ஒரு நாள் பாட்டிலில் ஊதிக் கூப்பிட்டான். நிஜமாகவே ஒன்று பதில் கொடுத்து, எழும்பி, குடிலுக்கு முன்னால் ஒரு வட்டம் அடித்துப் போயிற்று. பாட்டில் ஊதும்போது அவன் கண்ணை மூடிக்கொள்வான் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவன் பெண்டாட்டி பவுலின் இருக்கிறாளே, அவளுக்கு வாத்துக்கும் கோழிக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் சாதாரணமாகச் சொன்னாளாம். “காலைல பாத்திரம் தேய்க்கறப்போ நம்ம தோட்டத்து ஷெட்டு மேல பழுப்பா என்னமோ நின்னுச்சுங்க. மூக்கை மேல தூக்கிட்டு, ரொம்பத் திமிரா.” நெவில் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டானாம். அப்போது அவன் ஷெட்டுக்கு உள்ளேதான் இருந்தான், பைனாகுலரைத் துடைத்துக்கொண்டு.

இதிலிருந்து ஒரு விதியைக் கண்டுபிடித்தவன் எங்கள் சங்கத்து ஆள், கசாப்புக் கடைக்காரன் கேதர்கோல். வாய் ஓயாமல் தின்கிறவன், தின்னாத நேரத்தில் நன்றாகவே யோசிப்பான்.

“பெரிலம்மா, ஒண்ணு கவனிச்சீங்களா?” என்று ஒரு நாள் என் காதைக் கடித்தான். “நெவில் உள்ள இருந்தா அது வராது. அவன் வெளிய போனா வரும். நான் இப்போ காட்டறேன் பாருங்க.” பிறகு குரலை உயர்த்தினான். “யோவ் நெவில், என் வேன்ல பிஸ்கட் டப்பா இருக்கு, கொஞ்சம் எடுத்துட்டு வாயேன்.”

நெவில் மறுபேச்சில்லாமல் எழுந்து போனான். பச்சை முதுகு பாதைத் திருப்பத்தில் மறைந்தது. நாணல் விலகியது. குருகு வந்து நின்றது.

நெவில் திரும்பி வந்தபோது நாங்கள் யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் டப்பாவை வைத்துவிட்டு, “வந்துச்சா?” என்றான். கேதர்கோல் தலையாட்டினான். நெவில் உட்கார்ந்து, ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு, “எப்படி இருந்துச்சு?” என்று கேட்டான். கேதர்கோல் கையை விரித்து, கழுத்தை நீட்டி, நடந்து காட்டிச் சொன்னான். நெவில் முழுக்கக் கேட்டான். பிஸ்கட்டைக் கடிக்கக்கூட மறந்துவிட்டான்.

விஷயம் அவனுக்கும் விளங்கிவிட்டது. ஆனால் கோபப்படவில்லை. “சரி, என்னாலயும் ஒரு உபயோகம் இருக்கே” என்று சொல்லிவிட்டு, அதன் பிறகு தானாகவே எழுந்து போக ஆரம்பித்தான். செய்தி பரவாமல் இருக்குமா? லெஸ்டரிலிருந்து ஒரு பஸ் நிறையப் பறவைப் பிரியர்கள் வந்தார்கள். இறங்கியதும் அவர்கள் தலைவி கேட்ட முதல் கேள்வி, “இங்க வெளிய போறவர் யாருங்க?” என்பதுதான். நெவில் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தான். அவர்கள் கை தட்டினார்கள். ஒரு அம்மாள் அவனுக்கென்று எலுமிச்சை கேக் சுட்டுக்கொண்டு வந்திருந்தாள். அவன் கார் நிறுத்துமிடத்தில் மழையில் நின்று அந்தக் கேக்கைத் தின்றான், உள்ளே முப்பது பேர் குருகு பார்த்தார்கள். பஸ் கிளம்பும் வரை ஒவ்வொருவரிடமும் போய், “எப்படி இருந்துச்சு?” என்று கேட்டுக்கொண்டிருந்தான். எனக்கு வயிறு எரிந்தது. அவனுக்காகவா, அந்தக் குருகின் மேலேயா என்று கேட்டால் தெரியாது. அந்தப் பறவை மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் கழுத்தைத் திருகியிருப்பேன்.

இந்த வருடம் வசந்தத்தில் இடி விழுந்தது. பவுலினுக்கு முழங்கால் போய்விட்டது, மாடிப்படி ஏற முடியவில்லை. மகள் இருக்கிற கவென்ட்ரி நகரத்துக்கே இருவரும் குடிபோவது என்று முடிவாயிற்று. லிஃப்ட் வைத்த அடுக்குமாடி வீடு. ஜன்னலைத் திறந்தால் பஸ் டிப்போ. பறவை என்று பார்த்தால் புறா. திங்கட்கிழமை சாமான் வண்டி வரும் என்று சொன்னான். அதற்கு முந்தின நாள் ஞாயிறு, எங்கள் கடைசிக் கூட்டம்.

அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை குடிலில் நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்த உடனே நெவில் வழக்கம்போலக் கோட்டைக் கையில் எடுத்தான்.

“உக்காரு” என்றேன்.

“இல்ல பெரில், டாக்டர் இன்னிக்குக் குருகைப் பாக்கணும்னு...”

“உக்காருன்னு சொன்னேன். இன்னிக்கு நாங்க போறோம். நீ இரு.”

டாக்டர் என்று அவன் சொன்னது எங்கள் சங்கத் தலைவர் ஆப்ரே கிளாக்ஸ்டனை. ஊருக்கே பல் பிடுங்கியவர். சட்டம் என்றால் சட்டம் அவருக்கு. எங்கள் சங்கத்துக்குச் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும், பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லக் கூடாது. முன்பு ஒருவர் அபூர்வமான கருநாரை ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னார். அது சிறகு மடக்கியதுகூடத் தனக்குத் தெரிந்தது என்றார். போய்ப் பார்த்தால் வேலிக் கம்பியில் மாட்டிய கிழிந்த குடை. அவர் பெயர் வேண்டாம், பேரப்பிள்ளைகள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். ஆப்ரே அவரைச் சங்கத்தைவிட்டு நீக்கினார். இன்றைக்கும் மதுக்கடையில் அவர் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. கேதர்கோல் அவருக்குக் கறி நிறுக்கும்போது வாயைத் திறப்பதில்லை.

ஆப்ரே இப்போது தொண்டையைச் செருமினார். “எல்லாரும் வெளிய போயிட்டா, நெவில் பாத்ததுக்கு யாரு சாட்சி? ஒரு ஆளாவது கூட இருந்து பாத்தாத்தானே செல்லும்.”

“சாட்சி நான்” என்றேன்.

“நீங்கதான் வெளிய இருப்பீங்களே.”

“டாக்டர், வாயை மூடிட்டு கோட்டை மாட்டுங்க.”

அவர் வாயை மூடிக்கொண்டார். ஊராரை எல்லாம் வாயைத் திறக்கச் சொன்னவர், மூடு என்று அவரிடம் யாரும் சொல்லி வழக்கமில்லை.

நாங்கள் மூவரும் எழுந்தோம். நெவிலுக்கு முகம் வெளிறிவிட்டது. சந்தோஷமா, பயமா என்று தெரியவில்லை. “சும்மா எழுந்து போனா நடக்காது” என்றான். “போறதுக்குன்னு ஒரு முறை இருக்கு.”

“போறதுல என்னய்யா முறை?” என்றான் கேதர்கோல்.

“குருகுக்காகப் போறோம்னு நினைக்கக் கூடாது. நிஜமாவே ஒரு காரியமாப் போறோம்னு நினைக்கணும். பிஸ்கட் டப்பா, குடை, ஏதோ ஒண்ணு. திரும்பிப் பாக்கக் கூடாது. காலை அழுத்தியும் வைக்கக் கூடாது, பூனை மாதிரியும் வைக்கக் கூடாது. சாதாரணமா நடக்கணும்.”

இத்தனை வருடம் அவன் வெறுமனே எழுந்து போகிறான் என்று நினைத்திருந்தோம். வெட்கமாகிவிட்டது. நாங்கள் கிளம்பினோம். பத்து அடி போவதற்குள் பின்னாலிருந்து நெவில் கூப்பிட்டான்.

“டாக்டர், நீங்க திரும்பிப் பாத்துட்டீங்க.”

“இல்லப்பா, கழுத்துல சுளுக்கு.”

“திரும்ப வந்து முதல்லேருந்து போங்க.”

ஆப்ரே திரும்பி வந்து, உட்கார்ந்து, எழுந்து, மறுபடி போனார். இந்த முறை என்ன காரியமாகப் போகிறீர்கள் என்று கேட்டேன். “கார் கதவைப் பூட்டினேனான்னு பாக்கப் போறேன்” என்றார். சொன்ன பிறகு அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. நிஜமாகவே வேகமாக நடந்தார். இதைவிடச் சுத்தமாக யாரும் வெளியே போக முடியாது.

கார் நிறுத்துமிடத்தில் லேசான தூறல். என்னுடைய சிவப்புக் காருக்கும் கேதர்கோலின் வேனுக்கும் நடுவே நின்றோம். அவன் கடையில் செய்த சாசேஜ் ரோலை எடுத்துக் கொடுத்தான். ஆப்ரே கார் கதவைப் பார்த்துவிட்டு வந்தார், பூட்டித்தான் இருந்தது. நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்: வந்து தொலை, சனியனே, ஒரே ஒரு தடவை அவன் முன்னால் வந்து தொலை.

வந்தது. எங்கள் முன்னால்.

நாணலை விலக்கிக்கொண்டு, சரளைக்கல்லில் கால் வைத்து, அவசரமே இல்லாமல் நடந்து வந்தது. எங்களைப் பார்த்தது. என் காரின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்று யோசித்தது. பிறகு சிறகை ஒரு அடி அடித்து பானெட்டின் மேல் ஏறி, கண்ணாடி வரை நடந்துபோய் நின்றுகொண்டது. அங்கே நின்று, அலகை வானத்துக்குத் தூக்கி, உடம்பை இறுக்கி, நாணலாகிவிட்டது. பளபளவென்று சிவப்பாக இருக்கிற காரின் மேல் நாணல். காற்றில் நாணல் ஆடுகிற மாதிரி லேசாக ஆடிக்கூடக் காட்டியது.

தன்னை யாரும் பார்க்கவில்லை என்று அது நம்பியது. நாங்களும் பார்க்காதவர்கள் மாதிரி நின்றோம். கேதர்கோலின் வாயில் பாதி ரோல், கடிக்கவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை. ஆப்ரே என் காதில் மூச்சுவிட்டார். “பெரில், போய்க் கூட்டிட்டு வாங்க.”

“நான் நகர்ந்தா பறந்துரும். நீங்க போங்க.”

“நான் நகர்ந்தாலும் பறந்துரும்.”

அது என் காரின் மேல் நின்றது. நெவில் அந்தப் பக்கம், வெற்று நாணலைப் பார்த்துக்கொண்டு, கண் இமைக்காமல், கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எனக்கு அழுகை வந்துவிட்டது. பறவைக்காக நான் அழுததில்லை, அன்றைக்கும் பறவைக்காக அழவில்லை.

குடிலின் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பலகைப் பாதையில் நெவில் வந்துகொண்டிருந்தான். கக்கத்தில் டீ பிளாஸ்க். மழையில் நிற்கிறோமே, டீயை உள்ளேயே வைத்துவிட்டுப் போய்விட்டோமே என்று எங்களுக்கு எடுத்து வருகிறான். பலகை வழுக்கும், அதனால் தலையைக் குனிந்து காலையே பார்த்துக்கொண்டு வந்தான்.

குருகு எழும்பியது. வேறு திசையே இல்லாத மாதிரி நேராக அவனை நோக்கிப் பறந்தது. அவன் தொப்பிக்கு ஒரு முழம் மேலே, சிறகை அகல விரித்து, நிதானமாக.

“நெவில், மேல பாரு” என்று கத்தினேன்.

லாரி ஓட்டியவன் அல்லவா. மேலே என்று யாராவது கத்தினால் சரக்கு சரிகிறது என்றுதான் அவனுக்கு அர்த்தம். பிளாஸ்க்கைப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு அப்படியே குந்திவிட்டான். அவன் எழுந்து நிமிர்வதற்குள் குருகு நாணலில் இறங்கி மறைந்துவிட்டது.

நெவில் பிளாஸ்க்கைப் பொறுக்கிக்கொண்டு எங்களிடம் வந்தான். “உள்ள ஒண்ணும் வரலை” என்றான். பிறகு எங்கள் மூன்று முகத்தையும் பார்த்தான். “என்ன மேல?”

பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அதுதான் சட்டம். நான் ஆப்ரேயைப் பார்த்தேன். ஒரு கிழிந்த குடைக்காக ஒரு மனிதனை ஊரைவிட்டே தள்ளிவைத்தவர். அவர் வாயைத் திறந்தார். இதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“கிளை” என்றார் ஆப்ரே.

“கிளையா?”

“மரக்கிளை. விழற மாதிரி இருந்துச்சு. அதான் பெரில் கத்தினாங்க.”

நெவில் அண்ணாந்து பார்த்தான். நாங்களும் பார்த்தோம். திராண்டல் சதுப்பில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு மரம் கிடையாது. நாணலைத் தவிர ஒரு செடிகூட இடுப்புக்கு மேல் வளராது.

“காஞ்ச கிளை” என்றான் கேதர்கோல், ரோலை ஒருவழியாக விழுங்கிவிட்டு.

“காத்துல எங்கேருந்தோ வந்திருக்கும்” என்றேன் நான்.

“குருகு ஏதும் பாத்தீங்களா?”

“ஒரு காக்கா கூட இல்லப்பா” என்றார் ஆப்ரே. சொல்லிவிட்டு இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

நெவில் எங்களைத் தாண்டிப் பார்த்தான். அவன் கண் என் காரின் மேல் போனது. தூறலில் நனைந்த சிவப்புப் பானெட்டில் சேற்றுக் கால்தடங்கள், நீள நீளமான விரல்களோடு, ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணாடி வரை. அதற்குக் கீழே வெள்ளையாக ஒரு எச்சம். பறவை பார்க்கிற யாரும் அதைக் கோழி என்று சொல்ல மாட்டார்கள். ஆப்ரே அதை அப்போதுதான் கவனித்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

நெவில் கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தான். பானெட்டைத் துடைத்தான். ஒவ்வொரு தடமாக, கண்ணாடியில் ஆரம்பித்து, ஒன்று விடாமல் துடைத்தான்.

“பெரில், வண்டியை இவ்வளவு அழுக்காவா வெச்சிருப்ப?” என்றான். “சரி, டீ ஆறிடும், வாங்க.”

டீ குடித்தோம். ஆப்ரே ஒரு சின்னப் பேச்சுப் பேசினார், சங்கத்துக்கு நெவில் செய்த சேவை பற்றி. பாதியில் நிறுத்திவிட்டு டீயைக் குடித்தார். கேதர்கோல் ஒரு கூடை சாசேஜ் கட்டிக் கொடுத்தான், கவென்ட்ரியில் கறியே கிடைக்காது என்கிற மாதிரி.

நெவிலை நான்தான் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். கிராமத்துச் சாலையில் திரும்பும் வரை ஜன்னல் வழியே நாணலையே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு சீட்டில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

“எப்படி இருந்துச்சு?”

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். நாணலிலிருந்து வந்தது, சக்கரத்துக்குப் பக்கத்தில் யோசித்தது, பானெட்டில் ஏறி நின்றது, ஆடிக் காட்டியது, அவன் தொப்பிக்கு மேலே பறந்தது. வயிற்றுப் பக்கம் என்ன நிறம் என்று கேட்டான், சொன்னேன். காலைத் தொங்கவிட்டுப் பறந்ததா, பின்னால் நீட்டிக்கொண்டா என்று கேட்டான், அதையும் சொன்னேன். ஊதின பாட்டிலுக்குப் பதில் கொடுத்த குருகாகவே இருக்கும் என்று அவனே முடிவு செய்துகொண்டான். வேண்டுமென்றே இரண்டு தெரு சுற்றி ஓட்டினேன்.

அவன் வீட்டு வாசலில் பெட்டிகள் கட்டி அடுக்கியிருந்தன. இறங்கியவன் கதவைச் சாத்தாமல் குனிந்து உள்ளே தலையை நீட்டினான்.

“எனக்குத் தெரியும்னு டாக்டர்கிட்ட சொல்லிடாத பெரில். பாவம், ‘வலிக்காது’ன்னு சொன்னதைத் தவிர அந்த மனுஷன் வாழ்க்கையில பொய்யே சொன்னதில்ல.”

கதவைச் சாத்திவிட்டுப் போனான். பச்சை முதுகு வாசலுக்குள் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்கதோஷம், மறைந்ததும் திரும்பி ஷெட்டுக் கூரையைப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை.